இரண்டும் இடது கால்

விமானி திருப்பிச் சொன்னது அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. நான் "சரி" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராவ் சாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மடியில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு தாள், தாளில் என் தலையெழுத்து.

அன்று எனக்கு முதல் தேர்வு. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், கிளம்பப் போகும் விமானங்களுக்கு அனுமதி சொல்கிற நாற்காலியில் நான் தனியாக உட்காரலாமா கூடாதா என்று ராவ் சார் பக்கத்திலிருந்து பார்த்து எழுத வேண்டும். எந்த ஊர்க் கோபுரம் என்று கேட்காதீர்கள். ஜன்னலில் கடல் தெரியும், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அதற்கு மேல் சொல்வதற்கில்லை, இன்னும் பல வருஷம் அங்கேதான் வேலை பார்த்தாக வேண்டும்.

காலை வெயில் கண்ணாடியில் பட்டு அறையே வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ ஃப்ளாஸ்கைத் திறக்க, ஏலக்காய் டீ வாசனை வந்தது. நான் அனுமதி சொன்ன கோயம்புத்தூர் விமானம் ஓடி, எழும்பி, வெள்ளைப் புள்ளியாகிப் போனது. எனக்கும் ஒரு டீ கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரேடார் அறையிலிருந்து போன் வந்தது.

"மேடம், நீங்க அனுப்பின கோயம்புத்தூர் ஃப்ளைட் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கோயம்புத்தூருக்கு," என்றேன்.

"அது எங்களுக்கும் தெரியும். எந்த வழியா?"

டீ ஆசை அத்துடன் போய்விட்டது.

ஒரு திட்டம், இரண்டு பிரதிகள்

இந்தத் தொடரைப் படிக்கிற என் சித்தப்பா, "நீ எழுதறது நல்லாத்தான் இருக்குது, ஆனா நீ இன்னா வேல செய்யறேன்னு மட்டும் புரியல" என்று சொல்லியிருக்கிறார். அவருக்காக இந்த ஒரு பகுதி.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பயணத் திட்டம் உண்டு. எங்கே கிளம்பி, எந்தெந்தப் புள்ளிகளைத் தொட்டு, எவ்வளவு உயரத்தில் போய், எங்கே இறங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் அதைத் தயாரிக்கிறார்கள். ஒரு பிரதி கோபுரத்துக்கு வரும். இன்னொரு பிரதி விமானிக்குப் போகும். அவர் அதை விமானத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் ஒரு பத்திரிகையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பத்திரிகையும் அடிக்கிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். அட்டை வேறாக இருக்கலாம், மண்டபமும் முகூர்த்தமும் வேறாக இருக்கக் கூடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், திட்டம் கடைசி நேரத்தில் மாறும். ஒரு பாதையில் மழை மேகம் சேர்ந்திருக்கும், அல்லது ராணுவ விமானங்கள் பயிற்சிக்கு வந்திருக்கும். உடனே அலுவலகம் வழியை மாற்றும். அந்த மாற்றம் எங்களுக்கும் வர வேண்டும், விமானிக்கும் போக வேண்டும். ஒருவருக்கு மட்டும் வந்து சேர்ந்தால், ஒரே விமானத்துக்கு வானத்தில் ஒரு வழியும் காகிதத்தில் ஒரு வழியும் ஆகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் நாங்கள் அனுமதி சொன்னதும் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஆனால் எல்லாப் புள்ளிகளையும் ஒப்பித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் வழக்கமாக, "திட்டத்தில் உள்ள வழியே செல்லலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

அன்று காலை கோயம்புத்தூர் விமானத்தின் வழி மாறியிருந்தது. மாற்றம் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தது, விமானிக்குப் போய்ச் சேரவில்லை. என் பிரதியில் தெற்கே திரும்ப வேண்டும், அவர் பிரதியில் மேற்கே. "திட்டத்தில் உள்ள வழியே" என்றேன் நான். "திட்டத்தில் உள்ள வழியே" என்றார் அவர். நானும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை.

விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் வேறு விமானம் எதுவும் இல்லை. ரேடார் அறைக்காரர் இரண்டு வார்த்தையில் அதைத் திருப்பிவிட்டார். ராவ் சாரும் தாளில் இரண்டே வரிதான் எழுதினார்: வழி மாறியிருந்தது, புள்ளிகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு," என்றார். "மூணு வாரம் கழிச்சு. அதுவும் போச்சுன்னா இந்த நாற்காலி உங்களுக்குக் கிடையாதும்மா. கீழ ஆபீஸ்ல ஃபைல் பாக்கணும்."

கீழ் ஆபீஸில் ஜன்னல்கூடக் கிடையாது. ஆம்பூரில் ஒரு வேன் டிரைவரின் மகள், வானத்தைப் பார்க்கும் வேலை என்று நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டு வந்தவள், ஜன்னல் இல்லாத அறையில் ஃபைல் பார்ப்பதா? அன்று படிக்கட்டு முழுவதும் அழுதுகொண்டே இறங்கினேன். லிஃப்ட் ஓடாததில் அந்த ஒரு நன்மை இருந்தது.

வீட்டில் ஒரு கோபுரம்

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் போனதிலிருந்தே, திருப்பிச் சொல்லும் விதியை நான் எங்கள் வீட்டிலும் அமல்படுத்தியிருந்தேன்.

தம்பி ஜோசுவாவைக் கடைக்கு அனுப்பினால், "அரைக் கிலோ கத்திரிக்கா, ஒரு கட்டு புதினா" என்பேன்.

"சரி."

"சரின்னு சொல்லாத. திருப்பிச் சொல்லு."

"அக்கா, பேஜார் பண்ணாத," என்பான். சொல்லாமல் விடமாட்டேன். அரைக் கிலோ கத்திரிக்காய், ஒரு கட்டு புதினா என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுப் போய், புதினாவுக்குப் பதில் கொத்தமல்லியோடு வருவான். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அம்மாவோ, "இவ கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கணும்னா கவர்மெண்ட் எழுத்துப் பரிட்ச எழுதணும்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா ஒருவர்தான் அதை ரசித்தார். "சாப்பிட வாங்க" என்றால், "சாப்பிட வர்றேன், ஓவர்" என்பார். ரேடியோவில் நாங்கள் ஓவர் சொல்வதெல்லாம் எப்போதோ நின்றுபோயிற்று என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு ஷூ ஃபேக்டரியின் வேன் ஓட்டுகிறார். விடியற்காலையில் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து ஃபேக்டரி வாசலில் இறக்கிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் ரப்பர் செருப்பில் விளக்குக் கம்பம் மாதிரி நேராக நடப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகும்போது, கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போவார். வலது கையில் பெரிய பைபிள் இருப்பதால்தான் என்பது ஜோசுவாவின் கட்சி. ஆண்டவர் சந்நிதியில் அடக்கம் என்பது என் கட்சி. இரண்டும் தப்பு என்று பின்னால் தெரிந்தது.

அம்மா கதவைச் சாத்தினாள்

தேர்வில் தோற்ற மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு ரயிலேறினேன். எங்கள் பக்கத்து ஆள் யாரும் ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்குவதில்லை. தோல் பதனிடும் கூடங்களின் பச்சைத் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம்.

அம்மா ஃபேக்டரியிலிருந்து வந்து, தரையில் கால் நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அதே ஃபேக்டரியில் அவளுக்கு ஜோடி சேர்க்கிற மேஜை. வலது காலும் இடது காலும் தனித்தனியாகத் தைத்து வரும். அளவு, நிறம், தையல் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிப் பெட்டியில் போட வேண்டும்.

"இன்னா, மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"ஃபெயில்மா."

"யாரு?"

"நான்தான்."

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று அவள் மேஜையிலிருந்தே ஆரம்பித்தேன். "அவரு எட்டுன்னாரு. நானும் எட்டுன்னேன். ரெண்டும் எட்டுதான்மா. ஆனா ஜோடி இல்ல."

அம்மாவின் கை நின்றது. எழுந்து போய்ச் சந்தில் அப்பாவின் வேன் நிற்கிறதா என்று பார்த்தாள். வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றாள்.

பூண்டு வாசனையோடு இருந்த அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

எட்டுக்கு ஆட்

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. மேஜையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் வாணியம்பாடி நூர்ஜஹான் அக்கா. அம்மாவின் பக்கம் இடது கால் தள்ளுவண்டி, நூர் அக்காவின் பக்கம் வலது கால் தள்ளுவண்டி. அம்மா ஒன்றை எடுத்து, உள்ளே அச்சடித்த அளவைத் தமிழில் சொல்வாள். நூர் அக்கா அதே அளவை எடுத்து உருதுவில் பதில் சொல்வார். எட்டு என்றால் ஆட். ஏழு என்றால் சாத். சொன்ன வேகத்தில் இரண்டும் பெட்டிக்குள் போய்விடும்.

"அந்த ஃப்ளோர்லயே எங்க மாதிரி கை யாருக்கும் கெடையாது," என்றாள் அம்மா. தப்பைச் சொல்ல வந்த இடத்திலும் பெருமையை விடவில்லை.

அன்று சரக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டும். வலது கால் தைக்கிற பக்கம் மெஷின் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. யாரோ நூர் அக்கா பக்கத்திலும் ஒரு இடது கால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது நூர் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு, ஆட். எட்டு, ஆட். இரண்டு பேரும் எண்ணைத்தான் கேட்டார்களே தவிர, காலைப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் வந்தாரு. ஒரு பெட்டியத் தொறந்து, போட்டுக்கினு எழுந்து நின்னாரு பாரு," என்றாள் அம்மா. "ரெண்டு காலும் ஒரே பக்கம் திரும்பி நிக்குது. பஸ் ஸ்டாப்புல சனங்க பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துனு நிக்குமே, அந்த மாதிரி."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. உன் பக்கம்தான் தப்புன்னு நான் அவகிட்ட சொன்னேன். என் பக்கம் பாரு, எட்டுதான்னு அவ காட்றா. என் பக்கமும் எட்டுன்னு நான் காட்றேன். ஆளுக்கு ஒரு ஷூவத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறோம். ரெண்டும் இடது காலு."

ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எட்டு, ஆட் மட்டும் சொல்லிக்கொண்டார்களாம். பிறகு சமாதானமாகி, ஒரு புது வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். எண்ணைச் சொல்வதோடு விடாமல், பெட்டியில் போடும் முன் இரண்டு ஷூவையும் அடியோடு அடி ஒட்டிப் பார்ப்பார்கள். இடதும் வலதும் என்றால் ஓரத்தோடு ஓரம் பொருந்தி உட்காரும். இரண்டும் இடது என்றால் துருத்திக்கொண்டு நிற்கும்.

"சரிம்மா, இதுல அப்பாவுக்குத் தெரியக் கூடாததுக்கு இன்னா இருக்குது?"

அம்மா பீரோவின் உச்சியைப் பார்த்தாள். "மேனேஜர் எங்க ரெண்டு பேருக்கும் அதுல ஆளுக்கொரு ஜோடி குடுத்தாரு. வீட்டுல வெச்சு தெனம் பாருங்க, அப்பவாவது புத்தி வருதா பாக்கலாம்னு சொன்னாரு. நான் கொண்டாந்து அங்க ஒளிச்சு வெச்சேன். உங்கப்பாரு எடுத்துட்டாரு. கறுப்பு, பளபளப்பு, எட்டாம் நம்பர். அவரு காலும் எட்டு. ஞாயித்துக்கெழம போட்டுக்கினு கெளம்பிட்டாரு. நான் வாயத் தொறந்தா என் தப்பு வெளிய வருமே. தொறக்கல."

என் சின்ன வயசு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே நொடியில் விளங்கின. பைபிளும் இல்லை, ஆண்டவரும் இல்லை.

"அப்பாவுக்குக் கால் வலிக்காதாம்மா?"

"வலிக்காம? அதுக்குத்தான் சர்ச்சு உட்டு வந்ததும் வெந்நி வெச்சுக் குடுக்கறேன்," என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் தேர்வில் தோற்றதே மறந்துபோயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள். அந்தப் பூசணிக்காய் வாரா வாரம் சர்ச்சுக்கு நடந்து போய்விட்டு வந்துகொண்டிருந்தது.

மதுரைக்காரர் எழுத வந்த பரீட்சை

மூன்று வாரம் கழித்து அதே நாற்காலி, அதே ராவ் சார், அதே அட்டை. நான் மட்டும் பழைய ஆள் இல்லை. சூடு கண்ட பூனை. இனி "திட்டத்தில் உள்ள வழியே" என்ற பேச்சுக்கே இடமில்லை, வருகிறவர்கள் எல்லாரையும் முழு வழியையும் வாசிக்க வைத்து, அடியோடு அடி ஒட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவோடு உட்கார்ந்தேன்.

முதல் விமானி வாசித்தார். பொருந்தியது. இரண்டாமவர் வாசித்தார். பொருந்தியது. மூன்றாமவர் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். அதற்குள் ஏழு விமானங்கள் அனுமதிக்குக் காத்து நின்றன. மதுரைக்குப் போகிறவர் பொறுமை இழந்துவிட்டார்.

"மேடம், நான் மதுரைக்குப் போக வந்தேன், பரீட்சை எழுத இல்ல," என்றார்.

பரீட்சை எனக்குத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "வாசியுங்கள்" என்றேன். வாசித்தார். பொருந்தியது. ராவ் சாரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது கோயம்புத்தூர் விமானம். மறுபடியும் கோயம்புத்தூர். விமானி புள்ளி புள்ளியாக வாசித்துக்கொண்டு வந்து, மேற்கே திரும்பும் புள்ளியைச் சொன்னார். என் திரையில் தெற்கு என்று இருந்தது.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது. மாட்டினான் திருடன் என்று மனசு குதித்தது. "தவறு," என்றேன். "உங்கள் வழி தெற்கு."

அவர் மரியாதையாகச் சொன்னார். "மேடம், புதுசா வந்த திட்டத்தில் மேற்குன்னுதான் இருக்கு."

என் கையில் ஒன்று, அவர் கையில் ஒன்று. நான் அதிகாரத்தில் இருப்பவள். சொன்னதைச் செய் என்று சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் அம்மாவும் நூர் அக்காவும் ஆளுக்கு ஒரு ஷூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. என் பக்கம் எட்டு, என் பக்கம் எட்டு.

"காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். திட்டம் மாறினால் அங்கே ஒரு சின்ன மஞ்சள் குறி வரும். அதைத் திறந்து ஏற்றுக்கொண்டால்தான் என் பிரதி புதுசாகும். குறி வந்திருந்தது. வந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மதுரைக்காரரைப் பாடம் ஒப்பிக்க வைத்த மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

கீழ் ஆபீஸின் ஜன்னல் இல்லாத சுவர் நினைவுக்கு வந்தது. பிறகு பொத்தானை அழுத்திச் சொன்னேன்: "என்னிடம் இருந்தது பழைய திட்டம். உங்களுடையதுதான் சரி. மன்னிக்கவும்."

அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. மதுரைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

புதுத் திட்டத்தைத் திறந்து, மாறிய புள்ளிகளை மட்டும் அவருக்குச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். ஒட்டிப் பார்த்தேன், பொருந்தியது. விமானம் எழும்பி மேற்கே திரும்பியது. அரை மணி நேரம் நான் ரேடார் அறைப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை.

ராவ் சார் அட்டையை மூடினார். "ஆபீஸ்ல கையெழுத்தாகணும். ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி, போன் பண்றேன்," என்றார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

வெந்நீர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்பூரில் இருந்தேன். தனியாக உட்கார்ந்து அந்தப் போனுக்குக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"பரிட்ச இன்னா ஆச்சும்மா?"

சொன்னேன். ஷூ கதையை விட்டுவிட்டு, விமானக் கதையை மட்டும் சொன்னேன். சத்தியம் சத்தியம்தானே. ஒரே திட்டம் என்று இரண்டு பேர் நினைத்துக்கொண்டிருப்பது, ஆனால் இரண்டு பேர் கையிலும் வேறு வேறு இருப்பது, அது தெரியாமல் இரண்டு பேரும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருப்பது.

அப்பா துணியால் ஷூவின் மூக்கைத் தேய்த்தபடி, "இந்த ஷூ மாதிரின்னு சொல்லு," என்றார்.

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது.

அம்மா வெளியே வந்தாள். "இன்னா சொன்னீங்க?"

"ரெண்டும் இடது காலுதானே ரோசி."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு கண்ணு இல்லியா, காலு இல்லியா? மொத நாள் உள்ள காலு உட்டவொடனே தெரிஞ்சிடுச்சு."

"பின்ன ஏன் இத்தன வருசமா போட்டுக்கினு போறீங்க?"

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்குன்னு நீ ஆசையா வாங்கியாந்து மேல ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன். அவசரத்துல ரெண்டும் ஒரே காலா எடுத்துட்டு வந்துட்டியேன்னு சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஷூ ஃபேக்டரில வேல செய்யறவ வேற. அதான் சொல்லல."

"நான் எங்கங்க வாங்கினேன்," என்று ஆரம்பித்த அம்மா, நூர் அக்கா, மேனேஜர், வெளிநாட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதாள். பாதியில் அது சிரிப்பாகிவிட்டது. அப்பாவும் சிரித்தார். கையிலிருந்த பாலீஷ் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"வாரா வாரம் வெந்நி வெச்சியே, அதுலேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "இவளுக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல, தெரியலன்னா ஏன் வெந்நி வெக்கிறான்னு."

பத்துப் பதினோரு வருஷம். ஒரே வீடு, ஒரே ஜோடி ஷூ. ஒருத்திக்கு அது தண்டனை, ஒருத்தருக்கு அது பரிசு. இதில் நான் வேறு புதினாக்கட்டுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லி வீட்டைப் படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவர்கள் இரண்டு பேர் மேலும் அன்று எனக்கு வந்த பிரியத்தை அப்படியே எழுதினால் ஜோசுவா கிண்டல் செய்வான். செய்யட்டும்.

"இன்னிக்காவது வேற போடுங்க," என்றாள் அம்மா.

"வேணாம், பழகிப்போச்சு. இனிமே சரியான ஷூ போட்டா கீழ உழுந்துடுவேன்," என்று அப்பா இரண்டு இடது கால்களையும் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

சர்ச்சுக்கு நடந்தோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அம்மா எப்போதும் அப்பாவுக்கு வலப்பக்கம் நடக்கிறாள். அவர் சாயச் சாயத் தோளால் லேசாக இடித்து, ரோட்டுக்குத் திருப்பிவிடுகிறாள். இடிப்பதும் தெரியாது, திரும்புவதும் தெரியாது. நினைத்துப் பார்த்தால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அவள் அந்தப் பக்கம்தான் நடந்திருக்கிறாள்.

கடைத்தெரு முனையில் போன் அடித்தது. ராவ் சார். நான் நின்றேன். நான் நின்றதும் அம்மாவும் நின்றாள்.

"பாஸ்," என்றார்.

"பாஸ்," என்று திருப்பிச் சொன்னேன். பழக்கதோஷம்.

"ஆமா."

போனை வைத்திருக்கலாம். ஆனால் பூனை சூடு கண்டதாயிற்றே. "சார், ஒரு நிமிஷம். கையில இருக்கற தாள்ல யாரு பேரு இருக்குன்னு படிங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "பிரிசில்லா. தகப்பனார் பேர் தேவராஜ்."

"அது போன தடவை எழுதின தாள் இல்லையே சார்?"

"போன தடவை தாள்ல நான் பாஸ்னு எழுதலம்மா," என்றார். "போன தடவை ரெண்டு பேரும் ஒத்துப்போனீங்க, ஃப்ளைட் தப்பாப் போச்சு. இந்தத் தடவை ஒத்துப்போகல, ஃப்ளைட் சரியாப் போச்சு. ஏன் ஒத்துப்போகலன்னு நின்னு பாத்தீங்களே, அதுக்குத்தான் பாஸ். ஆனா இனிமே திட்டம் மாறினவங்கள மட்டும் கேளுங்க. அந்த மதுரைக்காரர் என்கிட்ட நேர்லயே வந்து சொல்லிட்டுப் போனார்."

போனை வைத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாவாம்?"

"பாஸ்மா."

"திருப்பிச் சொல்லு."

"பாஸ்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த நல்ல சேதியைச் சொல்ல அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா பக்கத்தில் இல்லை. நாங்கள் நின்றதை அறியாமல் அவர் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கம் இடிக்க ஆளில்லை. ரோட்டை விட்டு, ஓரத்தை விட்டு, பைபிளை மார்போடு அணைத்தபடி, பூக்காரம்மாவின் மல்லிகைக் கூடையை நோக்கிச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயோ, இந்த மனுசன்," என்று அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.